சனிக்கிரகத் தளபதியின் இடது முழங்கால்

மூன்றாம் மாடிக்கு இன்னும் நாலே படி பாக்கி. லென்ஸ் அங்கேயே நின்றுவிட்டார்.

கையில் காய்கறிப் பை. பைக்குள் ஒரு முட்டைக்கோஸ், அரை கிலோ கேரட். கேரட்டுக்கு நடுவே, அவருடைய சொந்தக் கம்பளி மப்ளரில் சுற்றப்பட்டு, சனிக்கிரகத் தளபதி.

இன்றைக்கு ஒரு பொய் சொல்லியே தீருவது என்று தீர்மானம் ஆகிவிட்டது. சாதாரணப் பொய் இல்லை. தரப் பரிசோதனை முடித்து முத்திரை குத்திய பொய். அவருக்கு வேலையே அதுதான். குழாய்த் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ஊரில் எத்தனை சமையலறைகளில் குழாய் சொட்டாமல் இருக்கிறதோ அத்தனை குழாய்களும் ஒரு நாள் அவர் விரலிடுக்கில் புரண்டவை. சட்டைப் பையில் எந்நேரமும் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி. அதனால் வந்த பெயர்தான் லென்ஸ். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

அப்பேர்ப்பட்டவர் மத்தியானத்திலிருந்து இந்தப் பொய்யை மூன்று தடவை சோதித்துவிட்டார். எவ்வளவு அழுத்தம் தாங்கும்? எந்த மூட்டில் ஒழுகும்? மனைவி முறுக்கினால் மரை கழலுமா? கழலாது. பாஸ்.

பொய்க்கு என்ன அவசியம் என்பதற்கு ஒரு மாதம் பின்னால் போகவேண்டும்.

அப்போதுதான் எட்டு மாதப் பெண் குழந்தை தவழக் கற்றிருந்தாள். தவழ்வதற்கு முந்திய நாள் வரை வீட்டில் குழந்தை இருந்தது. அடுத்த நாளிலிருந்து வேக்குவம் கிளீனர் இருந்தது. தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குள் போயிற்று. ஒரு காலையில் ஹாலில் உட்கார்ந்து எதையோ பலமாக யோசித்தபடி மென்றுகொண்டிருந்தாள். அம்மாக்காரி விரலை விட்டு எடுத்தாள். அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக ஒரு கறுப்புக் கம்பி. பிளாஸ்டிக். லென்ஸின் பொம்மைகளில் ஒருவனான செவ்வாய்க்கிரக ஒற்றன் தலையில் நிற்கும் இரண்டு ஆன்டெனாக்களில் ஒன்று. முந்திய நாள் லென்ஸ் அந்த ஒற்றனை ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுக்கிறேன் என்று சின்ன அறையிலிருந்து ஹாலுக்குத் தூக்கி வந்திருந்தார்.

அவள் குழந்தையை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அன்று முழுக்க இறக்கவில்லை. லென்ஸ் என்ன செய்தார்? ஆன்டெனாவை வாங்கி லென்ஸில் பார்த்தார். “பரவாயில்ல, பெயின்ட் போகல” என்றார்.

அதற்கு அவள் பார்த்த பார்வையை எந்த லென்ஸாலும் பார்க்க முடியாது. கண்ணாடி உருகிவிடும்.

“ஒற்றனுக்கு ரெண்டு இருந்துச்சு. இன்னொண்ணு எங்க?” என்று கேட்டாள்.

“எங்கயாவது குப்பையோட போயிருக்கும்மா.”

“எங்கயாவதுன்னா?”

அன்றிலிருந்து அவள் ஒரு நாளைக்கு மூன்று முறை வீட்டைப் பெருக்கினாள். குழந்தை இருமினால் ஓடினாள். இருமாவிட்டாலும் ஓடினாள். ஒற்றனோ மொட்டைத் தலையோடு அலமாரியில் நின்றான்.

“எனக்கு வேற எதுவும் வேணாம்” என்றாள் ஒரு நாள். “ஒண்ணுமே கிடக்காத ஒரு தரை வேணும். அந்தச் சின்ன அறையைக் காலி பண்ணிக் குடுங்க. பிள்ளைய உள்ள விட்டுட்டு நான் ஒரு தடவை முழுசா மூச்சு விட்டுக்கறேன்.”

சின்ன அறையில்தான் லென்ஸின் பதினேழு விண்வெளி வீரர்கள் வசித்தார்கள். பதினோரு வருஷத்துச் சேகரிப்பு. காலி பண்ணுவதா? கெஞ்சினார். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. இருக்கிற பதினேழோடு சரி. பதினெட்டாவது வந்தால் அறை குழந்தைக்கு. ஒப்பந்தத்தை எழுதியவர் அவரேதான். தொழிற்சாலை அறிக்கை மாதிரி எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார்:

‘சேகரிப்புக்குரிய அசல் பொம்மை இனி ஒன்று இந்த வீட்டுக்குள் வந்தாலும் சின்ன அறை குழந்தையைச் சேரும். சாதாரண விளையாட்டுப் பொம்மைகளுக்கு இது பொருந்தாது.’

இரண்டாவது வாக்கியத்தை எழுதும்போதே அவருக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சிரிப்பு. எந்தச் சுவரிலும் தமக்கென்று ஒரு ஓட்டை வைத்துக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிற ஆள்.

இப்போது அந்த ஓட்டை வழியாகத்தான் தளபதி உள்ளே வரவேண்டும்.

தளபதி லேசுப்பட்டவர் இல்லை. முதல் வார்ப்பு. புது அச்சில் முதன்முதலாக வார்த்தவர்கள் உலகத்திலேயே முந்நூறு பேர்தான் இருக்கிறார்கள். ஒரு சாண் உயரம், கறுஞ்சிவப்புக் கவசம், கழற்றி மாட்டும் தலைக்கவசம், நீல நிறத்தில் இரண்டு கண். பதினோரு வருஷமாக லென்ஸ் படத்தில் மட்டுமே பார்த்துப் பெருமூச்சு விட்ட தளபதி, அன்று மத்தியானம் தொழிற்சாலை முகவரிக்கே பார்சலில் வந்து இறங்கினார். லாக்கருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பிரித்தபோது லென்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணுக்கு எந்த லென்ஸ் வைத்தும் பிரயோஜனம் இல்லை. போதாக்குறைக்கு ஃபோர்மேன் வேறு வந்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக லென்ஸ் ஒரு பொருளை முன்னும் பின்னும் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். காலிப் பெட்டியை லாக்கரில் பூட்டியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆற அமர உட்கார்ந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

நாலு படியும் ஏறினார். மணி அடித்தார்.

கதவைத் திறந்தவள் இடுப்பில் குழந்தை. “என்னங்க, இன்னிக்கு நீங்களே காய் வாங்கிட்டீங்களா? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“காயும் வாங்கினேன். குட்டிக்கு ஒரு பொம்மையும் வாங்கினேன்.”

“பொம்மையா?”

“விளையாட்டுப் பொம்மைம்மா! பிளாட்பாரத்துல குவிச்சு வெச்சிருந்தான். அசல் மாதிரியே இருக்கும், ஆனா நகல். சுத்த நகல். பிள்ளைக்கு எதுக்கு அசல்?”

பையிலிருந்து மப்ளரை எடுத்தார். மப்ளரிலிருந்து தளபதியை எடுத்தார். இரண்டு கையாலும் எடுத்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையை நீட்டியபோதுகூட அவ்வளவு பக்குவமாக வாங்கியிருக்கமாட்டார்.

மனைவி ஒற்றைக் கையால் பிடுங்கினாள். உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். லென்ஸின் உயிரும் கூடவே மேலே போய்விட்டு வந்தது.

“நல்ல கனமா இருக்கே?”

“உள்ள மண்ணு போட்டு அடைச்சிருப்பான்.”

“பெயின்ட் எல்லாம் ஜோரா இருக்கே?”

“ரெண்டு நாள்ல உரிஞ்சிடும் பாரு. மூணாந்தரம்.”

மூணாந்தரம் என்று சொன்னபோது அவர் நாக்கு ஒரு நொடி மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருபது வருஷமாக நல்லதை நல்லது என்றும் ஓட்டையை ஓட்டை என்றும் சொல்லிப் பழகிய நாக்கு.

“யாரு இவரு?”

“சனிக்கிரகத் தளபதி.”

“நல்லாருக்கு. இத்தனை கிரகம் இருக்க, சனியத்தான் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வரணுமா?” என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்கு நடந்தாள். லென்ஸும் பின்னாலேயே நடந்தார். அடுப்பில் பால் புட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அவள் பாத்திர மூடியைத் திறந்தாள். தளபதியைக் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டாள்.

லென்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “என்ன பண்றே?”

“பிள்ளை வாயில வைக்கற பொருள். கொதிக்க வெச்சுத்தானே குடுக்கணும்?”

“கொதிக்கவா!”

“ஏன், பிளாட்பாரத்துல கிடந்ததுதானே?”

“கிடந்ததுதான்… கிடந்ததுதான்… ஆனா மூணாந்தர பிளாஸ்டிக்மா! உருகிட்டா? புட்டியெல்லாம் நாறிடுமே! பிள்ளைக்கு வயித்துக்கு ஆகாதே!”

பிள்ளை வயிறு என்றதும் அவள் கை நின்றது. மூடியை மூடினாள். “அதுவும் சரிதான். யாரையாவது கேட்டுட்டு அப்புறம் குடுக்கலாம்” என்று தளபதியைச் சமையலறை அலமாரியின் உச்சியில், காலி டப்பாக்களுக்கு நடுவில் நிறுத்தினாள்.

லென்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் ஒழுகியது, ஆனால் உடையவில்லை. பாஸ்.

மறுநாள் சனிக்கிழமையும் தொழிற்சாலை உண்டு. அன்றைக்கு அவர் பார்த்துத் தள்ளிய குழாய்களை எந்தப் புண்ணியவான் வாங்கினானோ தெரியாது. வாஷர் இல்லாத குழாய் இரண்டு பாஸ் ஆயின. ஒரு குழாய்க்குத் திருகே இல்லை. அதுவும் பாஸ். கண்ணுக்குள் ஒரே காட்சிதான்: தலைகீழாக ஒரு தளபதி, கீழே கொதிக்கும் தண்ணீர்.

பத்து மணிக்கு வீட்டுக்குப் போன் போட்டார்.

“எப்படி இருக்கார்?”

“யாரு?”

“யாரா… குட்டி! குட்டி எப்படி இருக்கா?”

“குட்டிக்கு எப்பலேர்ந்துங்க ‘ர்’ போட ஆரம்பிச்சீங்க? தூங்கறா.”

பன்னிரண்டு மணிக்கு மறுபடி.

“சாப்பிட்டியாம்மா? சும்மாதான் கேட்டேன். அலமாரி மேல தூசி ஏதாவது…”

“அலமாரி மேல எதுவும் இல்லீங்க. எல்லாத்தையும் கீழ இறக்கிட்டேன்.”

“எல்லாத்தையுமா!”

“ஏன் கத்தறீங்க? குட்டி முழிச்சுக்கப் போறா. தண்ணி கொதிக்குது, வைக்கறேன்.”

எதை வைக்கிறாள்? போனையா, தளபதியையா? லென்ஸ் கையிலிருந்த குழாய் நழுவிக் காலில் விழுந்தது. வலிகூடத் தெரியவில்லை. நாலு மணி வரை அவர் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பது அந்த நாற்காலிக்குத்தான் தெரியும்.

சங்கு ஊதியதும் ஓடினார். படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினார். கதவு திறந்தே இருந்தது.

தளபதி வேகவில்லை. சாப்பாட்டு மேஜை மேல், விரித்த செய்தித்தாளில், மல்லாந்து படுத்திருந்தார். தலைமாட்டில் மேஜை விளக்கு. வாயருகே ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தவர் பல்லக்கா.

பல்லக்கா எதிர் வீட்டுப் பல் டாக்டர். இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கிளினிக். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு மட்டுமே பேசிப் பழகியதால் எதிராளி பதில் சொல்லுவான் என்று எதிர்பார்க்கும் வழக்கமே கிடையாது.

“வாங்க தம்பி” என்றார் நிமிராமல். “உங்க வீட்டுக்காரம்மா பயந்துபோய்க் கூப்பிட்டா. பிள்ளைக்குக் குடுக்கலாமா, கூடாதான்னு பாக்கச் சொன்னா. நானும் பிளாஸ்டிக்குல பல்லு செஞ்சு கட்டறவதானே? பாத்துட்டிருக்கேன்.”

“எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம்? சாதாரண நகல்.”

“அது பாத்த உடனே தெரியுதே.”

லென்ஸுக்குச் சுருக்கென்றது. சிரித்து மழுப்பினார்.

“கண்ணப் பாருங்க. நீலம் கோட்டைத் தாண்டிக் கன்னத்துல வழிஞ்சிருக்கு. தூங்கிட்டே பெயின்ட் அடிச்சிருக்கான்.”

“ஆமாக்கா. மட்டமான வேலை.” அதைச் சொல்லி முடிக்க அவருக்கு மூன்று மூச்சு தேவைப்பட்டது.

“பாதத்துல கம்பெனி எழுத்து பாதிதான் விழுந்திருக்கு. மீதி அழிஞ்சு போச்சு. இந்த இடது முழங்கால்…” பல்லக்கா ஒரு கொக்கியால் தட்டினார். முழங்கால் லொடலொடவென்று ஆடியது. “வேரே இல்ல. ஆடற பல்லு மாதிரி இருக்கு. புடுங்கிடட்டுமா?”

“வேணாம்!”

குழந்தைகூடத் திரும்பிப் பார்த்தது.

“இல்லக்கா… பாவம்… நொண்டி ஆயிடுவார்…”

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை இரண்டு கையையும் மேஜையை நோக்கி நீட்டி, வாயைத் திறந்தபடி இருந்தது. “கழுத்துல ஒரு கோடு ஓடுது பாருங்க. விரலை வெச்சாக் கிழிக்குது. பிள்ளை உதடு என்ன ஆகும்? நாத்தம் வேற மண்ணெண்ணெய் மாதிரி. எனக்குப் பயமா இருக்குங்க. வேணாம். தூக்கிப் போட்டுடறேன்.”

சொல்லி வைத்தாற்போலத் தெருவில் குப்பை வண்டியின் மணி அடித்தது.

“போடறதா?”

“மூணாந்தரம்னு நீங்கதானே சொன்னீங்க?”

“மூணாந்தரம்தான். ஆனா… மூணாந்தரத்துல இது நல்ல தரம்!”

“என்ன தம்பி உளர்றீங்க?” என்று பல்லக்கா தளபதியை ஒற்றைக் காலில் பிடித்துத் தூக்கினார். “இவ்வளவு கேவலமான பிளாஸ்டிக்க நான் பாத்ததே இல்ல. இதைச் செஞ்சவன் ஒரு குருடன். பிளாட்பாரத்துல இத்தனை பொம்மை கிடக்க, இதைப் பாத்துப் பொறுக்கினவன் அவனைவிடப் பெரிய குருடன். அம்மாடி, பையக் கொண்டா.”

மனைவி குப்பைப் பையின் வாயை விரித்தாள். மணி இரண்டாம் முறை அடித்தது. தளபதியின் பாதம் பைக்குள் போயிற்று. முழங்கால் போயிற்று.

குருடன்!

இருபது வருஷம். எத்தனை லட்சம் குழாய். இந்தக் கண்ணைப் பார்த்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, இதுவரை யாரும் சொன்னது கிடையாது. லென்ஸுக்குள் எங்கேயோ ஒரு மரை கழன்றது.

“குடுங்க இப்படி!” என்று பாய்ந்து பிடுங்கினார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை உருவினார். “யாரு குருடன்? கண்ணுல வழிஞ்சிருக்கா? வழியத்தான் செய்யும்! முதல் நாள் பெயின்ட் அடிக்கும்போது மிஷின் சூடு ஏறாம இருக்கும். அதனால வழியும். முதல் வார்ப்புல மட்டும்தான் இப்படி வழியும்! இந்த வழிசலுக்காக உலகத்துல எத்தனை பேர் தவம் கிடக்கறாங்க தெரியுமா?”

“அப்படியா?” என்றார் பல்லக்கா.

“எழுத்து பாதி விழுந்திருக்காம்! புது அச்சுல முதல்ல அப்படித்தான்க்கா விழும்! முழுசா விழுந்தாத்தான் சந்தேகப்படணும். கழுத்துக் கோடு? தேய்ச்சு எடுக்கல, ஏன்னா அவசரம், ஏன்னா முதல் வார்ப்பு! மண்ணெண்ணெய் இல்ல இது. அந்தக் காலத்துப் பெயின்ட் வாசனை. மோந்து பாருங்க! இப்பல்லாம் இது கிடைக்குமா?”

“அந்த முழங்கால் ஆடுதே?” மனைவி மெதுவாகக் கேட்டாள்.

“ஆடணும்! ஆடினாத்தான் அசல்! நகலுக்கு ஆடவே ஆடாது, கெட்டியா ஒட்டி வெச்சிருப்பான். இது நகல் இல்ல. பிளாட்பாரமும் இல்ல. அசல்! முதல் வார்ப்பு! முந்நூறுல ஒண்ணு! பதினோரு வருஷம் காத்திருந்து நானே, என் கையால, பார்சல்ல வரவழைச்சது!”

குப்பை வண்டி மணியை அடித்துக்கொண்டே தெருமுனை திரும்பியது. குழந்தை ஒரு முறை விக்கியது.

லென்ஸ் கண்ணாடியைக் கண்ணிலிருந்து இறக்கினார். எதிரே இரண்டு பெண்கள் அமைதியாக நின்றுகொண்டிருந்தார்கள். அந்த அமைதியின் தரம் அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

மனைவி குப்பைப் பையை மடித்து வைத்தாள். ஃபிரிட்ஜ் பக்கம் போனாள். காந்தத்தை எடுத்தாள். தாளைக் கொண்டுவந்து மேஜை மேல், தளபதி படுத்திருந்த இடத்தில் வைத்தாள்.

“படிங்க.”

“தெரியும்.”

“பரவாயில்ல, படிங்க. அக்காவும் கேக்கட்டும்.”

‘சேகரிப்புக்குரிய அசல் பொம்மை இனி ஒன்று…’ என்று தம் எழுத்தைத் தாமே படித்தார். இரண்டாவது வாக்கியம் வந்ததும் குரல் இறங்கியது. ஆள் நுழைய வைத்த ஓட்டையில் தலை சரியாக மாட்டிக்கொண்டிருந்தது.

“சரி” என்றார் கடைசியில். “அறை குட்டிக்கு. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்.”

தோற்றாயிற்று. ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் அவருக்கு நிம்மதி. தளபதி குப்பைக்குப் போகவில்லை. அதைவிட முக்கியம், கண்ணின் மானம் போகவில்லை. கத்தியின்றி ரத்தமின்றி ஒரு பல் டாக்டருக்கே பாடம் எடுத்தாயிற்று. தளபதியை மார்போடு அணைத்துக்கொண்டு லேசாக நிமிர்ந்தார்.

“அக்கா, இவளைக் கொஞ்சம் பிடிங்க” என்று மனைவி குழந்தையைக் கொடுத்துவிட்டு நாற்காலியைப் போட்டு ஏறினாள். சமையலறை அலமாரிக்குப் பின்பக்கம் கையை விட்டாள். பழைய பால்பவுடர் டப்பா ஒன்றை எடுத்தாள். டப்பாவுக்குள் ஒரு துண்டு. துண்டுக்குள் ஒரு சாண் உயரத்தில், கறுஞ்சிவப்புக் கவசத்தில், சனிக்கிரகத் தளபதி.

லென்ஸ் தம் கையைப் பார்த்தார். அங்கேயும் ஒரு தளபதி. டப்பாவைப் பார்த்தார். இங்கேயும். வாய் திறந்தது. பல்லக்கா பழக்க தோஷத்தில் உள்ளே ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

“இது… இது யாரு?”

“இவர்தான் நீங்க நேத்து கொண்டு வந்தவரு” என்றாள் மனைவி டப்பாவைக் காட்டி. “உங்க கையில இருக்கறவர், அக்கா கிளினிக்குக்குப் பக்கத்துக் கடையில கூடையில கிடந்தவர். காலைல பத்தரை மணிக்கு வாங்கினோம். கழுத்தப் பிடிச்சுத் தூக்கினா நாலு பேர் சேந்து வந்தாங்க. ஒருத்தரை மட்டும் பிரிச்சுக் குடுத்தான் கடைக்காரன்.”

லென்ஸ் பேயறைந்தவர் போல டப்பாத் தளபதியை எடுத்தார். கண்ணாடியை வைத்தார். நீலக் கண், கோட்டைத் தொட்டும் தாண்டாமலும் நின்றது. பாதத்தில் எழுத்து ஒவ்வொன்றும் நறுக்கென்று. கழுத்து வெண்ணெய். முழங்கால் அசையவில்லை. மோந்தார். ஒரு வாசனையும் இல்லை.

“தம்பி, ஒரு சந்தேகம்” என்றார் பல்லக்கா. “கண்ணு வழிஞ்சாத்தான், காலு ஆடினாத்தான் அசல்னு இப்பச் சொன்னீங்களே. அப்ப இது போலியா?”

அவர் பதில் சொல்லவில்லை. பல்லக்கா எதிர்பார்க்கவும் இல்லை.

“எப்படித் தெரிஞ்சுது உனக்கு?” என்று மனைவியைக் கேட்டார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“உங்க பதினேழு பேருக்கும் நாலு வருஷமா யார் தூசி தட்டறா? ஒவ்வொருத்தரும் கையில என்ன கனம்னு எனக்குத் தெரியாதா? நேத்து ஒரு தடவை தூக்கிப் போட்டுப் பிடிச்சேன். போதும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அதோட, பிள்ளைக்கு வாங்கின கிலுகிலுப்பையைக்கூட நீங்க பையில போட்டு ஆட்டிக்கிட்டே வந்தீங்க. இவரை மப்ளர்ல சுத்திக் கொண்டு வந்தீங்க.”

“அப்ப கொதிக்க வைக்கறேன்னு சொன்னது? பயமா இருக்குன்னு சொன்னது?”

“கொதிக்க வைக்கறேன்னு சொன்னது சும்மா.” அவள் குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். “பயமா இருக்குன்னு சொன்னது சும்மா இல்ல.”

லென்ஸ் தாளை எடுத்துப் போய் மறுபடி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சின்ன அறை காலியாயிற்று. பதினெட்டு வீரர்களும் படியிறங்கிப் பல்லக்கா கிளினிக்கின் கண்ணாடி அலமாரியில் வரிசையாக நின்றார்கள். பூட்டு உண்டு. சாவி பல்லக்காவிடம். பல் பிடுங்க வரும் பிள்ளைகள் அழாமல் வேடிக்கை பார்க்குமாம். “நீங்களும் எப்ப வேணா வந்து பாக்கலாம் தம்பி, பல்லு வலிச்சா போதும்” என்றார். இந்த ஏற்பாடு எப்போது பேசி முடிக்கப்பட்டது என்று லென்ஸ் கேட்கவில்லை. இரண்டு நாளில் கேள்வி கேட்கும் பழக்கம் கொஞ்சம் குறைந்திருந்தது.

அலமாரியை நகர்த்தினார். பெருக்கினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். ஈரம் காய்ந்ததும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு தரையில் குப்புறப் படுத்தார். போன மானத்தை இந்தத் தரையிலிருந்தாவது மீட்டுவிடவேண்டும். கட்டம் கட்டமாகப் பார்த்தார். சுவரோரம் பார்த்தார். ஒரு மணி நேரம். சட்டை பூராவும் தரையோடு தரையாயிற்று. எழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“முடிஞ்சுது. ஒரு தூசு இல்ல. குண்டூசி முனையளவுகூட எதுவும் இல்ல. இந்தத் தரைக்கு நான் பொறுப்பு. பாஸ்! குட்டிய விடு.”

மனைவி குழந்தையை விடவில்லை. அவர் கையில் கொடுத்தாள். கூந்தலிலிருந்து ஒரு ஊசியை உருவிக்கொண்டு உள்ளே போனாள். நாலு காலில் குனிந்தாள். குழந்தை தவழ்கிற மாதிரியே, அதே உயரத்தில் தலையை வைத்துக்கொண்டு, ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால், மெதுவாகத் தவழ்ந்தாள். ஜன்னலடி வரை போனாள். திரும்பினாள். கதவு நிலையின் கால் தரையைத் தொடும் இடத்தில் நின்றாள்.

நகரவே இல்லை.

நிலைக்கும் தரைக்கும் நடுவில் நூல் மாதிரி ஓர் இடைவெளி. ஊசியை விட்டு நெம்பினாள். ஒரு முறை. இரண்டு முறை. உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு எழுந்தாள். ஒரு மாதமாகத் தினம் மூன்று முறை பெருக்கியும் கிடைக்காத ஒன்று.

அரிசியைவிடக் கொஞ்சம் நீளமாக, கறுப்பாக, ஒரு கம்பி.

லென்ஸ் ஓரடி பின்வாங்கினார். குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குழந்தை உற்சாகமாக அம்மாவின் கையை நோக்கித் தாவி, வாயைத் திறந்தது.

அவள் ஒரு முழு மூச்சு விட்டாள். அப்புறம் அந்தக் கம்பியை அவர் லென்ஸுக்கு நேராக நீட்டினாள்.

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இதுவும் முதல் வார்ப்புதானா?”